மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னா? வயசானவங்க கொலஸ்ட்ராலும் பக்கவாதமும்: உங்க கேள்விகளுக்குப் பதில்

பக்கவாதம் பத்திக் கேள்வி நெறைய சேர்ந்துபோச்சு, எல்லாத்துக்கும் தனித்தனியா பதில் போட நேரமில்ல, அதனால ஒரே மாதிரி இருக்கிறத சேர்த்து எடுத்திருக்கேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன். லேப் ரிப்போர்ட்ட மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி "சார் இது ஓகேவா"ன்னு கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது. வயசு என்ன, ஏற்கனவே ஸ்ட்ரோக்கோ ஹார்ட் அட்டாக்கோ வந்திருக்கா, சுகர் இருக்கா, பிபி எவ்வளவு, இப்ப சாப்பிடுற மாத்திரை என்ன, எத்தனை மில்லிகிராம், இது எதுவும் தெரியாம எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 120ங்கிற நம்பர் நல்லதா கெட்டதான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அதே 120 ஒருத்தருக்குப் பரவாயில்ல, இன்னொருத்தருக்கு ஆபத்து. அடுத்த தடவையாவது இதெல்லாம் எழுதுங்க.

ஒரு கேள்விய முதல்ல எடுக்கணும், அவசரம்.

கேள்வி: அப்பாவுக்கு 71. போன வாரம் திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குளறி, பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுச்சு. இப்ப நல்லா இருக்கார். கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்கலாம்னு இருக்கோம், எந்த லேப்ல எடுக்கலாம்? (திண்டுக்கல்)

லேப் தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, அதுவும் ஸ்கேனும் நரம்பியல் டாக்டரும் இருக்கிற இடத்துக்கு, இத படிச்ச உடனே. அது மினி ஸ்ட்ரோக். தானா சரியாயிடுச்சுன்னா அடைப்பு தற்காலிகமா விலகியிருக்குன்னு அர்த்தம், அடைச்சதுக்கான காரணம் அப்படியேதான் உள்ள இருக்கு. இதுக்குப் பின்னாடி பெரிய ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து முதல் 2 நாள்லதான் ரொம்ப அதிகம், நீங்க ஒரு வாரத்த விட்டுட்டீங்க. கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், எம்ஆர்ஐ, ஈசிஜி, பிபி, சுகர் எல்லாம் பார்ப்பாங்க, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஆரம்பிப்பாங்க, கொலஸ்ட்ரால் டெஸ்ட்டும் அங்கயே சேர்ந்து நடந்துடும்.

மத்தவங்களுக்கும் சேர்த்து சொல்றேன். வாய் கோணினா, கை தூக்க முடியாம விழுந்தா, பேச்சு குளறினா 108க்கு போன் பண்ணுங்க. அடைப்பக் கரைக்கிற ஊசிக்கு டைம் நாலரை மணி நேரம்தான், அதுவும் சீக்கிரம் போகப் போகத்தான் பலன். சிலருக்குக் குழாய் விட்டு அடைப்ப எடுக்கிறது 24 மணி நேரம் வரைக்கும் முடியும், ஆனா அந்த சிலர்ல நீங்க ஒருத்தரான்னு ஸ்கேன் பார்த்துத்தான் தெரியும், அத நம்பி வீட்ல உட்கார்ந்திருக்கக் கூடாது. வாயில தண்ணி, சோடா எதையும் ஊத்தாதீங்க, முழுங்க முடியாம நுரையீரலுக்குப் போயிடும். இன்னமும் புறா ரத்தம் தேய்ச்சுட்டு ரெண்டாவது நாள் கூட்டிட்டு வர்றாங்க, கையெல்லாம் காஞ்ச ரத்தத்தோட, ஊசி போடுற நேரமெல்லாம் எப்பவோ தாண்டிப் போயிருக்கும். அந்தக் குடும்பத்துக்கிட்ட என்னத்த சொல்றது.

கேள்வி: அப்பா, 72, மூணு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக், அடைப்பு வகை. எல்டிஎல் 118. லேப் ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கு, ஆனா டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 80 எழுதியிருக்கார். ஓவர் டோஸ் இல்லையா? (திருச்சி)

இல்ல. அட்டோர்வாஸ்டாட்டின் மாதிரி ஸ்டாட்டின்னு முடியிற மாத்திரையெல்லாம் கொலஸ்ட்ரால் குறைக்கிற மாத்திரை. லேப்காரங்க போடுற நார்மல், ஒரு வியாதியும் இல்லாதவங்களுக்கான அளவு. உங்க அப்பாவுக்கு அந்தக் காலம் முடிஞ்சுபோச்சு. ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு எல்டிஎல் 70க்குக் கீழ இருக்கணும், கூட ஹார்ட் பிரச்சினையும் இருந்தா 55க்குக் கீழ. பிரான்ஸ்லயும் தென் கொரியாவுலயும் கிட்டத்தட்ட 2900 பேர வச்சு இதப் பார்த்தாங்க, 2019ல முடிவு வந்துச்சு, எல்லாரும் ஸ்ட்ரோக்கோ மினி ஸ்ட்ரோக்கோ வந்து, குழாய்ல கொழுப்புப் படிவு இருக்கிறவங்க. பாதிப் பேருக்கு எல்டிஎல்ல 70க்குக் கீழ கொண்டுவந்தாங்க, மீதிப் பேருக்கு 90லேர்ந்து 110க்குள்ள வச்சாங்க. சுமார் மூணரை வருஷத்துல ரெண்டாவது கூட்டத்துல நூத்துக்கு 11 பேருக்கு மறுபடி ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக்னு ஏதோ ஒண்ணு வந்துச்சு, முதல் கூட்டத்துல எட்டரை. வித்தியாசம் சின்னதாத் தெரியலாம், நம்ம வீட்டு ஆளா இருந்தா சின்னது இல்ல.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்கு மண்டைக்குள்ள இருக்கிற ரத்தக்குழாய்லயே சுருக்கம் வர்றது வெள்ளைக்காரங்கள விட அதிகம். கழுத்துல இருந்தா ஆபரேஷன், ஸ்டென்ட்னு யோசிக்கலாம், மண்டைக்குள்ளன்னா பெரும்பாலும் மாத்திரையும் பிபியும்தான் வைத்தியம். உங்க அப்பா பிபி எவ்வளவுன்னு எழுதவே இல்லையே? 130க்குக் கீழ இருக்கான்னு பாருங்க. ஸ்ட்ரோக்குக்கு முதல் எதிரி பிபிதான், கொலஸ்ட்ரால் அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி: லிபிட் டெஸ்ட்டுக்கு (கொலஸ்ட்ரால் டெஸ்ட்) 12 மணி நேரம் பட்டினி இருக்கணுமா? அம்மாவுக்கு சுகர் இருக்கு, மயக்கம் வருது.

வேணாம். சாப்பிட்டுட்டே எடுக்கலாம், டிரைகிளிசரைடுங்கிற இன்னொரு வகைக் கொழுப்பு மட்டும் கொஞ்சம் கூடக் காட்டும், அவ்வளவுதான். அது 400க்கு மேல வந்தா மட்டும் இன்னொரு நாள் வெறும் வயித்துல எடுங்க, ஏன்னா நெறைய லேப்ல எல்டிஎல்ல நேரா அளக்கிறதில்ல, மத்த நம்பர்லேர்ந்து கழிச்சுக் கணக்குப் போடுறாங்க, டிரைகிளிசரைடு ஏறினா அந்தக் கணக்கு தப்பாயிடும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டுப் பட்டினி கிடக்க விடாதீங்க.

கேள்வி: செக்கு தேங்கா எண்ணெய்ல கொலஸ்ட்ராலே இல்லன்னு பாட்டில்லயே போட்டிருக்கு. அப்ப தாராளமா ஊத்தலாமா? (பொள்ளாச்சி)

எந்தத் தாவர எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் கிடையாது, அத லேபிள்ல எழுதுறதுல ஒரு விசேஷமும் இல்ல. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு, அதுதான் நம்ம ஈரல எல்டிஎல் ஏத்த வைக்குது. தேங்கா எண்ணெய்ல அது சுமார் 90 சதவீதம், பாமாயில்ல பாதி, கடலெண்ணெய்ல ஆறுல ஒரு பங்கு, நல்லெண்ணெய்ல ஏழுல ஒரு பங்கு. செக்குல ஆட்டினாலும் மெஷின்ல ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஸ்ட்ரோக் வந்த வீட்ல நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ வச்சுக்கோங்க, ஒரு ஆளுக்கு மாசம் அரை லிட்டர் போதும். வடை சுட்ட எண்ணெய எடுத்து வச்சு மறுபடி மறுபடி காய்ச்சாதீங்க. எண்ணெய் பத்தி இவ்வளவு கேக்குறீங்க, உப்பு பத்தி ஒருத்தர் கூட கேக்கல. ஊறுகா, அப்பளம், கருவாடு, இது மூணும்தான் வயசானவங்க பிபிய ஏத்துது.

கேள்வி: முட்டை மஞ்சக் கரு?

நாளைக்கு ஒண்ணு சாப்பிடலாம். கூட என்ன சாப்பிடுறீங்கங்கிறதுதான் விஷயம்.

கேள்வி: அம்மாவுக்கு 68. ஒன்றரை வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக். ரோசுவாஸ்டாட்டின் 20 சாப்பிட்டு எல்டிஎல் 62 ஆயிடுச்சு, நார்மல் ஆனதால மாத்திரைய நிறுத்திட்டோம். ரெண்டு மாசமா பூண்டும் வெந்தயமும் குடுக்கிறோம். கை கால் வலியும் குறைஞ்சிருக்கு. இப்படியே தொடரலாமா? (விருதுநகர்)

தொடரக் கூடாது. இன்னைக்கே உங்க டாக்டருக்குப் போன் பண்ணி மாத்திரைய மறுபடி ஆரம்பிங்க.

இந்த ஒரு விஷயத்துல எனக்கு வர்ற கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல, ஏன்னா மாசா மாசம் இதப் பார்க்கிறேன். ஓபில ரெண்டாவது ஸ்ட்ரோக்கோட வர்றவங்க வீட்டு ஆளுங்ககிட்ட "என்ன மாத்திரை குடுத்தீங்க, கொண்டுவந்தீங்களா"ன்னு கேட்டா மஞ்சப் பையிலேர்ந்து ஸ்ட்ரிப்பெல்லாம் டேபிள் மேல கொட்டுவாங்க. பிபி மாத்திரை ஸ்ட்ரிப் பாதி காலியா இருக்கும், சுகர் மாத்திரை முக்கால்வாசி காலி, ஸ்டாட்டின் ஸ்ட்ரிப் மட்டும் ஒரு மாத்திரை கூட கிழியாம புதுசா இருக்கும், சில சமயம் எக்ஸ்பைரி தாண்டி இருக்கும். ஏன்னா பிபிக்கும் சுகருக்கும் வீட்லயே மெஷின் இருக்கு, ஒரு நாள் விட்டா நம்பர் ஏறிக் காட்டிக் கொடுத்துடும். கொலஸ்ட்ரால் அப்படிக் காட்டாது. தலை சுத்தாது, வலிக்காது, வேர்க்காது. அதனால மூணுல எத விடலாம்னு வீட்ல பேச்சு வந்தா எப்பவும் இதுதான் போகுது.

நல்லாக் கேட்டுக்கோங்க, அந்த 62 உங்க அம்மாவோட நம்பர் இல்ல, மாத்திரையோட நம்பர். நிறுத்தின ஒரு மாசத்துக்குள்ள பழைய இடத்துக்கே போயிடும், இப்ப டெஸ்ட் எடுத்துப் பாருங்க, நான் சொல்றது தெரியும். நம்பர் குறைக்கிறது மட்டும் இந்த மாத்திரையோட வேலையும் இல்ல, குழாய்ல ஏற்கனவே படிஞ்சிருக்கிற கொழுப்புக் கட்டி வெடிக்காம, அதுமேல ரத்தம் உறையாம பார்த்துக்கிறதும் இதுதான். ஸ்பெயின்ல ஒரு சின்ன ஆய்வு, 2007ல வந்துச்சு, ஏற்கனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுட்டு இருந்தவங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப முதல் 3 நாள் மட்டும் பாதிப் பேருக்கு மாத்திரைய நிறுத்திப் பார்த்தாங்க. வெறும் 3 நாள். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா நிறுத்தினவங்கள்ல பத்துக்கு 6 பேர் இறந்துட்டாங்க இல்லன்னா அடுத்தவங்க உதவியில்லாம இருக்க முடியாத நிலைமை, தொடர்ந்து சாப்பிட்டவங்கள்ல அது பத்துக்கு 4. நீங்க ரெண்டு மாசம் நிறுத்தியிருக்கீங்க.

இப்ப கை கால் வலி. அது பொய்னு நான் சொல்லல, வலி நிஜம்தான், ஆனா மாத்திரையாலயாங்கிறதுதான் கேள்வி. இங்கிலாந்துல பக்க விளைவால ஸ்டாட்டின விட்ட 60 பேர எடுத்து, ஒரு வருஷம், சில மாசம் நிஜ மாத்திரை, சில மாசம் அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை, சில மாசம் ஒண்ணும் இல்லாம விட்டாங்க, எது எந்த மாத்திரைன்னு அவங்களுக்குத் தெரியாது. நிஜ மாத்திரையில வந்த தொந்தரவுல 90 சதவீதம் வெறும் மாத்திரையிலயும் வந்துச்சு. இந்த முடிவக் காட்டினப்புறம் பாதிப் பேர் மறுபடி மாத்திரைய ஆரம்பிச்சாங்க. அதனால வலின்னா நிறுத்துறது வைத்தியம் இல்ல. தசை பாதிப்பக் காட்டுற சிகே டெஸ்ட், தைராய்டு டெஸ்ட் பாருங்க, தைராய்டு கம்மியா இருந்தா கொலஸ்ட்ராலும் ஏறும், தசை வலியும் வரும், வயசான பொம்பளைங்களுக்கு இது சகஜம். அப்பவும் வலின்னா டாக்டர் டோஸக் குறைப்பார், வேற ஸ்டாட்டின் மாத்துவார், ஸ்டாட்டின் இல்லாத வேற கொலஸ்ட்ரால் மாத்திரை எசெடிமைப் சேர்ப்பார், பெம்பிடோயிக் ஆசிட் இருக்கு, இன்னும் மேல ஊசி கூட இருக்கு. இத்தனை வழி இருக்கறப்ப ஒண்ணையும் பார்க்காம மாத்திரைய விடுறதுதான் எனக்கு ஆத்திரமா வருது. வலி ரொம்ப அதிகமாகி யூரின் டீ டிகாக்ஷன் கலர்ல போனா மட்டும் உடனே நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அது ரொம்ப அபூர்வம்.

சுகர் வரும்னு பயப்படுறவங்களுக்கு: 255 பேர் நாலு வருஷம் சாப்பிட்டா அதுல கூடுதலா ஒருத்தருக்கு சுகர் வருது, பெரும்பாலும் அவங்க ஏற்கனவே எல்லைக் கோட்டுல நிக்கிறவங்க. ஈரல் கெடும்ங்கிறதும் ரொம்ப அபூர்வம், ஆரம்பத்துல ஒரு தடவை டெஸ்ட் எடுத்தா போதும். காசுதான் பிரச்சினைன்னா வெளிப்படையா சொல்லுங்க, அரசு ஆஸ்பத்திரியில அட்டோர்வாஸ்டாட்டின் இலவசம், மக்கள் மருந்தகத்துல ரொம்ப விலை கம்மி.

பூண்டு, வெந்தயம் ரசத்துலயும் குழம்புலயும் போட்டு நல்லாச் சாப்பிடட்டும், யார் வேணாம்னா. மாத்திரையோட சேர்த்து. மாத்திரைய எழுதின டாக்டர் தவிர வேற யார் சொல்லியும், மெடிக்கல் ஷாப்காரர், பக்கத்து வீட்டு அக்கா, வாட்ஸ்அப் வீடியோல பேசுறவர் யாரா இருந்தாலும், தானா நிறுத்தாதீங்க.

கேள்வி: கொலஸ்ட்ரால் ரொம்பக் குறைஞ்சா மூளையில ரத்தக் கசிவு வரும்னு ஒரு வீடியோ வந்துச்சு, உண்மையா?

பாதி உண்மை, அந்தப் பாதிய மட்டும் வச்சு பயமுறுத்துறாங்க. 2006ல வந்த ஸ்பார்க்கிள் ஆய்வுல ஸ்ட்ரோக், மினி ஸ்ட்ரோக் வந்த 4700 பேர்ல பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 குடுத்தாங்க. 5 வருஷத்துல மறுபடி ஸ்ட்ரோக் வந்தவங்க வெறும் மாத்திரைக் கூட்டத்துல நூத்துக்கு 13, ஸ்டாட்டின் கூட்டத்துல 11. அதே சமயம் மூளையில ரத்தக் கசிவு வெறும் மாத்திரைக் கூட்டத்துல 33 பேருக்கு வந்த இடத்துல ஸ்டாட்டின் கூட்டத்துல 55 பேருக்கு வந்துச்சு. அதாவது கசிவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட அப்புறமும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்குத்தான் மொத்த ஸ்ட்ரோக் கம்மி, ஹார்ட் அட்டாக்கும் கம்மி. ஏற்கனவே மூளையில ரத்தக் கசிவு வந்தவங்களுக்கு மட்டும் ஸ்டாட்டின் வேணுமா வேணாமான்னு நரம்பியல் டாக்டர் தனியா யோசிக்கணும். மத்தவங்களுக்குக் கசிவத் தடுக்கிறது பிபி கன்ட்ரோல்தான். திரும்பத் திரும்ப சொல்றேன்னு நெனைக்காதீங்க, பிபி மாத்திரைய விட்டுட்டு கொலஸ்ட்ரால் குறைஞ்சதால கசிவு வந்துச்சுன்னு சொல்றவங்கள நெறையப் பார்த்தாச்சு.

வயசானவங்கள்ல கொலஸ்ட்ரால் கம்மியா இருக்கிறவங்க சீக்கிரம் இறக்குறாங்கன்னு ஒரு கணக்கும் சுத்துது. சாப்பாடு இறங்காம, ஈரல் கெட்டு, கேன்சர் வந்து இளைச்சுப் போனவங்களுக்குக் கொலஸ்ட்ரால் தானா இறங்கும். வியாதியால கொலஸ்ட்ரால் குறையுது, கொலஸ்ட்ரால் குறைஞ்சதால வியாதி இல்ல.

கேள்வி: பாட்டிக்கு 84. ஒரு வியாதியும் இல்ல, வீட்டு வேலை எல்லாம் செய்வாங்க. பேக்கேஜ் செக்கப்ல எல்டிஎல் 152. மாத்திரை ஆரம்பிக்கச் சொல்றாங்க. (காரைக்குடி, எழுதினது சிங்கப்பூர்ல இருக்கிற பேரன்)

தம்பி, நீங்க விவரமா எழுதியிருக்கீங்க, நன்றி. இது மேல சொன்ன கேஸ் மாதிரி இல்ல. ஸ்ட்ரோக்கோ ஹார்ட் அட்டாக்கோ வராத, 75 தாண்டினவங்களுக்குப் புதுசா ஸ்டாட்டின் ஆரம்பிக்கிறதுக்கு ஆதாரம் அவ்வளவு பலமா இல்ல. 2002ல வந்த பிராஸ்பர் ஆய்வுல ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்துல 70லேர்ந்து 82 வயசு வரைக்கும் 5800 பேர எடுத்தாங்க, பாதிப் பேருக்கு பிராவாஸ்டாட்டின் 40. மூணு வருஷத்துல ஹார்ட் பிரச்சினை குறைஞ்சுது, ஸ்ட்ரோக் குறையல. அவங்கள்ல பாதிப் பேருக்கு ஏற்கனவே ரத்தக்குழாய் வியாதி வேற இருந்துச்சு. பொதுவாவே வயசு ஏற ஏற மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள தொடர்பு மங்கிப் போகுது, பிபிக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள தொடர்பு 80 தாண்டினாலும் பலமாவே இருக்கு. அதனால பாட்டிக்கு நான்னா முதல்ல பிபி பார்ப்பேன், உட்கார்ந்தும் நின்னும் ரெண்டு தடவை, அப்புறம் ஈசிஜி, சுகர், தைராய்டு. அதெல்லாம் நல்லா இருந்து, அவங்களுக்கும் மாத்திரை பிடிக்கலன்னா 152க்காக வற்புறுத்த மாட்டேன். சுகர் இருந்தா பேச்சு வேற. குடும்ப டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, பேக்கேஜ் ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல அச்சடிச்சிருக்கிற அறிவுரைய வச்சு வேணாம். இன்னொண்ணு, இத எடுத்துக்கிட்டு ஏற்கனவே ஸ்ட்ரோக் வந்த 80 வயசுக்காரர் மாத்திரைய நிறுத்தக் கூடாது.

கேள்வி: மாமாவுக்கு 76, எல்டிஎல் வெறும் 80தான், எண்ணெய்ப் பலகாரம் தொடவே மாட்டார், அவருக்கு எப்படி ஸ்ட்ரோக் வந்துச்சு? ஈசிஜில ஹார்ட் பீட் ஒழுங்கா இல்லன்னு சொன்னாங்க.

பதில நீங்களே எழுதிட்டீங்க. பீட் ஒழுங்கில்லாம துடிக்கிறப்ப ஹார்ட்டோட மேல் அறையில ரத்தம் தேங்கி, உறைஞ்சு, கட்டியா மூளைக்குப் போகுது. வயசானவங்க ஸ்ட்ரோக்ல இது ஒரு பெரிய பங்கு, இந்த வகைய கொலஸ்ட்ரால் மாத்திரை தடுக்காது, வார்ஃபரின், அபிக்ஸாபான், டாபிகாட்ரான் மாதிரி ரத்தம் உறையாம வைக்கிற மாத்திரைதான் தடுக்கும். ஆஸ்பிரின் அதுக்கு ஈடு இல்ல. பல் புடுங்கணும்னாலும் தானா நிறுத்தாதீங்க, எழுதின டாக்டரக் கேட்டுட்டு. 65 தாண்டின எல்லாருமே டாக்டர்கிட்ட போறப்ப நாடி பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, அதுக்குக் காசு கிடையாது.

கேள்வி: ஸ்ட்ரோக் வந்து அட்மிட் ஆன அஞ்சாவது நாள் எடுத்த டெஸ்ட்ல எல்டிஎல் 85, போன வருஷம் 140. லேப் தப்பா?

லேப் தப்பில்ல. உடம்புக்குப் பெரிய அடி விழுந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே எல்டிஎல் இறங்கிடும், கூட அங்க மாத்திரையும் ஆரம்பிச்சிருப்பாங்க. 140ஐத்தான் நிஜமா எடுத்துக்கணும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி எடுங்க.

கேள்வி: டிரைகிளிசரைடு 280. மீன் மாத்திரை போடலாமா?

முதல்ல சோத்தப் பாதியாக் குறைங்க, டீல சக்கரைய நிறுத்துங்க, குடி இருந்தா விடுங்க, மூணு மாச சுகர் டெஸ்ட் எடுங்க. கடையில விக்கிற மீன் எண்ணெய் மாத்திரை ஸ்ட்ரோக்கத் தடுக்கும்னு சொல்ல ஆதாரம் இல்ல, அதிக டோஸ்ல ஹார்ட் பீட் தாறுமாறாகிற ஆபத்தும் கொஞ்சம் கூடுது. வயசு எழுதல, பிபி எழுதல. அடுத்த தடவை எழுதுங்க.

கேள்வி: சளிக்கு கிளாரித்ரோமைசின் குடுத்தாங்க, அட்டோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுறேன். சேரலாமா?

நல்ல கேள்வி. சேரக் கூடாது, ஸ்டாட்டின் ரத்தத்துல ஏறி தசையக் கெடுக்கும். ஆன்டிபயாடிக்க மாத்தித் தரச் சொல்லுங்க, ஸ்டாட்டின் தொடரட்டும். முடியலன்னா அந்த அஞ்சு நாளைக்கு மட்டும் ஸ்டாட்டின நிறுத்தலாமான்னு டாக்டரே சொல்லட்டும், ஆறாவது நாள் மறக்காம ஆரம்பிக்கணும்.

கேள்வி: ஸ்டாட்டின் காலையிலயா ராத்திரியா?

அட்டோர்வாவும் ரோசுவாவும் எப்ப வேணா சாப்பிடலாம். சிம்வாஸ்டாட்டின்னா ராத்திரி. பிபி மாத்திரை சாப்பிடுற நேரத்துலயே சேர்த்துச் சாப்பிட்டா மறக்காது.